பெண்மானுக்குப் பின்னால் வருவது

அமெரிக்காவின் விஸ்கான்சினில், வடக்குக் காட்டோரத்தில் ஆர்லன் ட்வீட்டைப் போல மான் தெரிந்தவன் கிடையாது என்று ஊரே சொல்லும். கோடையில் எந்தக் கலைமான் எந்தச் சோயா வயலில் மேய்கிறது, செப்டம்பரில் கொம்பின் தோலை எந்த மரத்தில் தேய்த்து உரிக்கிறது, அக்டோபரில் எந்தக் கிளைக்கடியில் மண்ணைக் கிளறி வைக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நவம்பர் பிறந்தால் மட்டும் கையை விரித்துவிடுவான். பருவம் வந்த பெண்மானின் வாடை மூக்கில் ஏறிவிட்டால் கலைமானுக்குத் தீனி இல்லை, தூக்கம் இல்லை, பயமும் இல்லை. வருஷம் முழுக்க வெளிச்சத்தில் தலைகாட்டாத மான்கூடத் தன் எல்லையை விட்டு நாலைந்து மைல் ஓடிப் பட்டப்பகலில் ரோட்டைக் கடக்கும்.

அவனுடைய ஒரே மகள் மேரன் முதியோர் இல்லத்தில் நர்ஸ். இருபத்துநாலு வயது. வேட்டையில் அப்பனையே மிஞ்சிவிடுவாள், வாயிலும்தான். மரத்தில் கட்டிய பரணில் இருவரும் தோள் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அவன் தொண்டையைச் செருமினால்கூட, "அப்பா, மானுக்கெல்லாம் நீ வந்திருக்கன்னு தெரிஞ்சுபோச்சு, வா வீட்டுக்குப் போவோம்" என்பாள்.

முந்தைய வருஷம், நவம்பர் பிற்பாதியில் அரசு அனுமதிக்கும் துப்பாக்கி வேட்டை தொடங்கிய இரண்டாம் நாள், இடது காது கிழிந்த ஒரு கலைமான் பரணுக்கு எதிரே அறுபது கஜத்தில் வந்து நின்றது. எட்டுக் கிளைக் கொம்பு. மேரன் குறி வைத்துவிட்டாள். மூச்சையும் அடக்கிவிட்டாள். ஆர்லன் மெல்லக் கையை நீட்டித் துப்பாக்கிக் குழலைத் தாழ்த்தினான். அதற்கு வயது போதாது, அடுத்த வருஷம் பாரு, கொம்பு எப்படி விரியும் என்று காதோடு சொன்னான். மான் ஒருமுறை வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டிவிட்டுத் தேவதாரு சதுப்புக்குள் போய்விட்டது. வீடு வரும்வரை அவள் பேசவில்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் அக்டோபர் கடைசிவரை அந்த மான் அவன் காட்டு மரங்களில் கட்டியிருந்த காமிராக்களில் வந்துகொண்டிருந்தது. சொன்னபடியே கொம்பு விரிந்திருந்தது. நவம்பர் பிறந்ததும் காணாமல் போனது. எங்காவது பெண்மானுக்குப் பின்னால் அலையும், வேட்டை தொடங்குவதற்குள் திரும்பிவிடும் என்று மகளிடம் சொல்லியிருந்தான்.

நவம்பர் பத்தாம் தேதி, பொழுது சாயும் நேரம், ஷெரிப் அலுவலகத்துப் போலீஸ்காரன் லைல் வந்து கதவைத் தட்டினான். ஆர்லனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே ஆர்லனின் மனைவி ரோண்டாவுக்குப் புரிந்துபோயிற்று. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "உயிர் இருக்கா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். லைல் இல்லையென்று தலையசைத்தான்.

நடந்தது இதுதான். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த மேரனின் காருக்கு முன்னால் ஒரு பெண்மான் குறுக்கே ஓடியது. அவள் சமயத்தில் பிரேக் பிடித்துவிட்டாள். அதன் பிறகும் வண்டியை எடுக்கவில்லை. விளக்குகளை மினுக்கவிட்டு அப்படியே நின்றாள். மேட்டைத் தாண்டி எதிரே வந்த பிக்கப் லாரிக்காரர், ஏதோ கார் பழுதாகி நிற்கிறது என்று நினைத்து வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, பெண்மான் போன தடத்தை முகர்ந்தபடி, தலையைத் தூக்காமல் கலைமான் ரோட்டில் ஏறியது. பிக்கப் மோதிய வேகத்தில் அது எகிறி மேரனின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

"அவ ஏன் நின்னான்னுதான்டா எங்க யாருக்கும் புரியல" என்றான் லைல்.

ஆர்லனுக்குப் புரிந்தது. நவம்பரில் பெண்மான் குறுக்கே ஓடினால் அது போனதும் வண்டியை எடுக்காதே, பின்னால் கலைமான் வரும், பொறுத்திரு என்று அவளுக்கு லைசென்ஸ் கிடைத்த அன்று சொன்னவன் அவன்தான்.

மறுநாள் காலையில் தனியாக அங்கே போனான். ரோட்டோரப் பனியில் பெண்மானின் குளம்புகள் அகன்று பதிந்திருந்தன. அதன்மேலேயே கலைமானின் தடம், கால்நுனி இழுபட்டபடி. பள்ளத்தில் இழுத்துப் போட்டிருந்த மானைப் புரட்டிப் பார்த்தான். இடது காது கிழிந்திருந்தது. வீட்டிலிருந்து நாலு மைல் தள்ளி இந்த இடத்துக்கு அது வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

ரோண்டாவிடம் அதைச் சொல்லவில்லை. சர்ச்சில் அடக்க ஆராதனை முடிந்தது. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சாப்பாடு மேசையில் குவிந்து ஆறிக் கிடந்தது. இருவரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள்.

துப்பாக்கி வேட்டை தொடங்கும் சனிக்கிழமை விடிந்தபோது ரோண்டாவைக் காணவில்லை. மான் என்று யாரும் சுட்டுவிடாமலிருக்க மேரன் போடும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் ஆணியில் இல்லை. ஆர்லன் தன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு காலடித் தடத்தைப் பிடித்துப் போனான். வாழ்நாளில் வேட்டைக்குப் போயிராதவள், பரணின் மேல், மகளின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கி வா, ரோண்டா. விழுந்து வைக்காத."

"அவ உக்காந்த இடம்தானே. நான் உக்காந்தா என்ன?"

அவனும் ஏணியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். தூரத்தில் எங்கெங்கோ வெடிச்சத்தம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் தோள் குலுங்கி அடங்கியது. அவன் சொன்னான்.

"போன வருஷமே அதைச் சுட்டிருப்பா. நான்தான் தடுத்தேன். அதே மான்தான், ரோண்டா."

அவள் திரும்பவில்லை. "நீ தடுத்தது தெரியும். அன்னைக்கே பாத்திரம் கழுவறப்ப சொன்னா. அடக்கத்தன்னைக்கு லைல் அந்தக் கிழிஞ்ச காதைப் பத்திச் சொன்னதும் அதே மான்தான்னு எனக்கும் புரிஞ்சுபோச்சு. இத்தன நாளா உன் மூஞ்சிக்கு நேரா கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா நீயும் எங்கயாவது போய் எதாவது பண்ணிக்குவியோன்னு முழுங்கிட்டேன்."

"இப்ப கேளு."

"ஏன் தடுத்த?"

அவன் சதுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இன்னும் ஒரு வருஷம் வளரட்டும்னு."

ரோண்டா ஜாக்கெட்டின் கையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஆர்லன் அவளைத் தொடவில்லை, தொடும் தைரியம் வரவில்லை. கடைசியில் அவளே அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. அதற்குப் பின்னும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆர்லன் அதன் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. ஆனால் நவம்பர் பிறந்தால், பொழுது சாயும் நேரத்துக்கு அந்த மேட்டின் உச்சிக்குப் போய்விடுவான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கையில் ஆரஞ்சுத் துணியோடு ரோட்டோரம் நின்று, வருகிற வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லிக் காட்டுவான். சிலர் கையை உயர்த்திவிட்டுப் போவார்கள். சிலர் கண்ணாடியை இறக்கித் திட்டுவார்கள். ரோண்டாவும் உடன் வருவாள். வண்டிக்குள்ளேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நன்றாக இருட்டியதும் ஒருமுறை ஹாரன் அடிப்பாள். அவன் துணியை மடித்துக்கொண்டு வந்து ஏறுவான். விறைத்துப்போன அவன் விரல்களை அவள் தன் கைக்குள் வைத்துச் சூடுபண்ணுவாள்.