நாலு பேருக்கு நடக்கிறவள்

எங்கள் வீட்டில் நாலு பேருக்கு நான்தான் நடக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு முக்கால் மணி நேரம், அத்தைக்கு அரை மணி நேரம், கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் பூரணிக்கு அரை மணி நேரம், மஸ்கட்டில் வேலை பார்க்கும் கொழுந்தன் வேலாயுதத்துக்கு முக்கால் மணி நேரம். காலை ஐந்து மணிக்கு உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஆரம்பித்தால் ஏழரைக்கு முடியும். முதலில் வேலாயுதத்துக்குத்தான் நடந்துகொண்டிருந்தேன். அங்கே அப்போது விடிந்திருக்காது, படுத்தபடியே வியர்க்கிறது, பக்கத்துக் கட்டில்காரன் திட்டுகிறான் என்று ஃபோனில் சொன்னான். அதனால் அவனைக் கடைசிக்கு மாற்றினேன்.

முறை சுலபமானது. சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா ஜெபக்கனி ஒரு ஃபாரம் தருவார். அதில் நடப்பவர் ஓரிடத்திலும் பலன் பெறுபவர் ஓரிடத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். என்ன உறவு என்று கேட்டு நடுவில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஃபாரத்தைக் கொடுத்தால் பலன் பெறுபவர் பெயர் எழுதிய சீட்டு கிடைக்கும். அதை உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டு நடந்தால் நடையின் பலன் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். களைப்பு மட்டும் நடந்தவரிடமே தங்கும். அதை மாற்றிக் கொடுக்க ஏற்பாடு இல்லை என்று ஃபாரத்தின் கடைசி வரியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

நடையோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். போன வருஷம் சித்திரையில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் சேர்த்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததால் நான் உப்பை விட்டேன். அவர் கருவாட்டுக் குழம்பும் மாங்காய் ஊறுகாயுமாகச் சாப்பிட்டார், கொதிப்பு இறங்கியது. அத்தைக்குச் சர்க்கரை. நான் காப்பியில் இனிப்பை நிறுத்தி, வாரத்தில் மூன்று நாள் பாகற்காய் சாப்பிட்டேன். அத்தை கருப்பட்டி மிட்டாயைக் கவரோடு மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தார்கள், சர்க்கரை சொன்னபடி கேட்டது. பூரணிக்கு ரத்தம் கம்மி என்று தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டேன். அதை மட்டும் நான் ஒருநாளும் சுமையாக நினைத்ததில்லை. வேலாயுதத்துக்குத் தூக்கம் போதவில்லை. அவன் சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் தூங்குவேன். அவன் தெளிவாக எழுந்து வேலைக்குப் போவான். நான் கண் எரிச்சலோடு எழுந்து மைதானத்துக்குப் போவேன்.

ஆவணி மாதம் ஒரு காலையில் நடந்துவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். கூடத்திலிருந்து அத்தை கேட்டார்கள்.

"ஏட்டி, தரையெல்லாம் ரத்தமா இருக்கே. யாரு காலு அது?"

குனிந்து பார்த்தேன். என் கால்தான். வலது பாதத்தில் ஒரு கருவை முள் முழுதாக ஏறியிருந்தது. செருப்பு எந்தச் சுற்றில் கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. முள்ளைப் பிடுங்கினேன். வலிக்கவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு இட்லி ஊற்றினேன்.

அந்த வாரமே சுகாதார நிலையத்தில் பரிசோதனை முகாம் நடந்தது. டாக்டர் அஃப்ரின் எங்கள் வீட்டு அட்டையைப் பார்த்துவிட்டு, "நாலு பேரும் அருமையா இருக்காங்க. உங்க மாமியாருக்கு முப்பது வயசுக்காரி உடம்பு" என்றார். பிறகு என் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். என்னையும் உட்காரச் சொன்னார். எனக்குச் சர்க்கரை இருநூற்று எண்பது இருந்தது. கொதிப்பு நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.

"பாதத்துல உணர்ச்சி குறைஞ்சு போச்சு. இப்படியே விட்டா விரல் போகும், கண்ணும் போகும். உங்களுக்கு யார் நடக்கிறாங்க?"

"யாரும் இல்ல டாக்டர்."

"வீட்டுல நாலு பேர் நல்லா இருக்காங்கல்ல, கேட்டுப் பாருங்க" என்று ஒரு ஃபாரத்தைக் கொடுத்தார். பலன் பெறுபவர் என்ற இடத்தில் செண்பகவல்லி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த ஃபாரத்தில் என் பெயர் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அதை எடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிப்பார். இதையும் படித்தார்.

"எனக்கு நடந்து பழக்கமில்லையே" என்றார்.

"ஒரு வாரத்துல பழகிரும்."

"நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கேன் செம்பகம். நிக்கிறத மாத்திக் குடுக்கலாம்னா சொல்லு, குடுத்துருதேன்."

நிற்பதற்கு ஃபாரம் இல்லை.

அத்தையிடம் கேட்டேன். "டாக்டரே எனக்கு முப்பது வயசு உடம்புங்காவ. அத நடந்து கெடுக்கவா?" என்றார்கள். சொன்னதில் கோபமோ குத்தலோ இல்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்கள். வேலாயுதம், அங்கே வெயில் ஐம்பது டிகிரி மதினி, லீவில் வரும்போது கட்டாயம் நடக்கிறேன் என்றான். பூரணியிடம் நான் கேட்கவில்லை. அவளுக்குப் பரீட்சை.

மறுநாள் நர்ஸம்மாவிடம் போனேன்.

"எனக்கு நானே நடந்துக்கிடட்டுமா?"

"ரெண்டு கையெழுத்தும் ஒண்ணா இருந்தா கம்ப்யூட்டர் எடுக்காதும்மா" என்றார். அவரும் களைத்திருந்தார். அவர் வீட்டில் ஆறு பேர்.

மைதானத்தில் தினமும் என்னோடு நடப்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர் சிலுவைமுத்து அண்ணாச்சி. அவர் தன் மனைவி அருளாயிக்காக நடக்கிறார். அருளாயி இறந்து மூன்று வருஷமாகிறது. சீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முகாமிலும் அட்டையை நீட்டுவார். அருளாயிக்கு எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுப்பார்கள்.

அன்று நான் மூச்சு வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்தபோது அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கையெழுத்து வேற மாதிரி இருந்தாப் போதும் தாயி. அங்க ஆளைப் பார்க்க மாட்டாங்க. முப்பத்திரண்டு வருஷம் தபால் கொடுத்தவன் சொல்லுதேன்."

அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு பால் நோட்டின் பின்னட்டையில் இடது கையால் எழுதிப் பார்த்தேன். என் முழுப் பெயரை எழுத அந்தக் கைக்கு வரவில்லை. மூன்று எழுத்துக்கு மேல் போனால் பேனா நழுவியது. வல்லி என்று மட்டும் எழுதியது. பத்து நாள் பழகிய பிறகும் அது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரியே கோணலாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கோணியது. அதைப் பார்த்தபோது ஒரு ஆள் எழுதியதுபோலவே இருந்தது.

நர்ஸம்மா ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார்.

"நடப்பவர் வல்லி. யாரும்மா இது?"

"எனக்கு வேண்டியவ."

"உறவுக் கட்டம் காலியா இருக்கே. என்ன உறவு?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

"கூடப் பொறந்தவ" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். என் பெயர் எழுதிய சீட்டு என் கைக்கு வந்தது. இடது கையில் வாங்கினேன்.

மறுநாளிலிருந்து ஏழரைக்கு நாலு பேருடைய நடையும் முடிந்ததும் சீட்டுகளை இடுப்பில் செருகிவிட்டு, என் சீட்டை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வல்லி நடந்தாள். எட்டே காலுக்கு முடித்தாள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் வலது பாதத்தில் ஊசி குத்துவது போல வலித்தது. நடுமைதானத்தில் நின்று அந்த வலியைக் கொஞ்ச நேரம் அனுபவித்தேன்.

காலைச் சாப்பாடு தாமதமாகியது. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்தார்.

"உன் தங்கச்சி நடக்கான்னு வீட்டு அட்டையில பார்த்தேன். அவ நடந்தா நீ ஏன் லேட்டா வாற?"

"தனியா விட முடியுமா? கூடப் போறேன்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு முந்தின நாள் மாவை எடுத்து அவரே தோசை ஊற்றிக்கொண்டார். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. அதையும் சுரண்டிச் சாப்பிட்டார்.

தங்கச்சி வந்திருப்பதை அவர்தான் அத்தையிடம் சொன்னார். அத்தைக்கு வருத்தம். "வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்திருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவர்களே எழுந்து அடுப்படிக்குப் போனார்கள். நான் கல்யாணமாகி வந்த இருபத்து மூன்று வருஷத்தில் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. ஒரு டம்ளர் காப்பி போட்டுக்கொண்டு வந்து என் இடது கையில் கொடுத்தார்கள்.

"குடி தாயி. களைச்சுப் போயி இருக்க."

வல்லி குடித்தாள். அவளுக்கு இனிப்புத் தடை ஒன்றும் கிடையாது. நாக்கின் இடது ஓரத்தில் சர்க்கரை பட்டது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு பட்டதால் அது சர்க்கரைதான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. வலது பக்கம் காப்பி வழக்கம்போலக் கசந்தது.

கார்த்திகையில் அடுத்த முகாம். எனக்குச் சர்க்கரை நூற்றைம்பதுக்கு இறங்கியிருந்தது. கொதிப்பும் இறங்கியிருந்தது. டாக்டர் அஃப்ரின் என் வலது பாதத்தை ஒரு நைலான் நாரால் ஐந்து இடத்தில் தொட்டுப் பார்த்தார். ஐந்தையும் சரியாகச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். எனக்கும் சந்தோஷம்தான். அழுகை வந்தது, வலது கண்ணில் மட்டும். இடது கண் பாதி மூடியிருந்தது.

"உங்க தங்கச்சியையும் ஒருதடவை பார்த்திரலாமே" என்றார்.

இடது கையை நீட்டினேன். நாடி பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சின் இடது பக்கத்தில் வைத்து வெகு நேரம் கேட்டார். பிறகு நாற்காலியை நகர்த்தி என் இடது காதுப் பக்கமாக வந்து உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்.

"வல்லி, ரொம்பக் களைச்சிருக்கீங்க. மூச்சு மேலயே நிக்குது. நடக்கிறத நிறுத்தச் சொல்ல மாட்டேன், அக்காவுக்கு வேற ஆள் இல்ல. ஆனா ஒருத்தர் உங்களையும் பார்த்துக்கணும்."

"களைப்பை வாங்கிக்கிட வழி உண்டா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"அது இன்னும் வரல. இந்த மாசத்துலருந்து மூச்சுக்கு ஃபாரம் வந்திருக்கு. யாராவது இவங்களுக்காக மூச்சு விட்டா நெஞ்சுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

ஃபாரத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேருந்தில் என் இடது பக்கம் மட்டும் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டது. வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் யாரிடமும் கேட்க எனக்குத் தெம்பில்லை. என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஃபாரத்தை டிவி மேல் வைத்துவிட்டு அரிசி களையப் போனேன். அத்தை அதை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்திருக்கிறார்கள்.

"இது யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள்.

"வல்லிக்கு, அத்தை."

"உங்க அம்மா வீட்டுல யாரும் இல்லையே இப்ப."

"யாரும் இல்ல."

"பேனாவை எடு" என்றார்கள். "எனக்குத்தான் மூச்சு நெறையக் கெடக்கே. சும்மா உட்கார்ந்துதான இருக்கேன். வந்த பிள்ளை நம்ம வீட்டுல இருந்துக்கிட்டு இப்படி இளைக்கலாமா?"

கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"மருமகளோட தங்கச்சி எனக்கு என்ன முறை?"

"அவளும் மருமக முறைதான் அத்தை."

கட்டத்தைப் பார்த்தார்கள். அது சின்னது. "அவ்வளவு எழுத இடமில்ல" என்று சொல்லி, மகள் என்று எழுதினார்கள். பலன் பெறுபவர் என்ற இடத்தில் வல்லி கையெழுத்துப் போட்டாள். களைப்பில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கோணியது.

இரண்டு நாளில் சீட்டு வந்தது. அத்தை அதை மடியில் மிட்டாய்க் கவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். நான் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. இடது கை குழம்புச் சட்டியைப் பிடித்திருந்தது, வலது கை தேய்த்தது. அப்போது என் நெஞ்சின் இடது பக்கம் நான் ஒன்றும் செய்யாமலே நிதானமாக ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறியது. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்த நேரத்தில் அத்தை ஒரு கொட்டாவி விட்டார்கள். அதுவும் வந்து சேர்ந்தது.