நூற்றுப் பன்னிரண்டு சைலன்சர்களின் சூடு

கல்முனையில் ஓடுகிற நூற்றுப் பன்னிரண்டு மோட்டார்சைக்கிள்களின் சைலன்சர் சூடு, சில வருசமாக ஜவுபர் என்ற ஒரே ஆளிடம்தான் வந்து சேருகிறது. அதற்கு முன்னர் அந்தச் சூடு, எல்லா ஊரிலும் போல, ஏறி இறங்குகிறவர்களின் கெண்டைக்காலில்தான் இறங்கியது. கடற்கரை வீதியில் சைலன்சர் சுட்ட தழும்பில்லாத கால் ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஜவுபர்தான் கொழும்பிலிருந்து செராமிக் பூச்சு டின்களை இறக்கினார். சைலன்சரைக் கழற்றித் துரு போகத் தேய்த்து, வெள்ளையாகப் பூசி, பேக்கரிக்காரர் பாண் எடுத்து முடிந்த போறணை அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்தார். உப்புக்காற்று அதைத் தின்னவில்லை. பொத்துவில் வரை ஓடிவிட்டு வந்து தொட்டாலும் தண்ணீர்க்குடத்தைத் தொட்ட மாதிரிதான் இருந்தது.

பிழை வாய்ச்சொல்லில் நடந்தது. முதல் சைலன்சரைக் கொண்டுவந்த மீன் வியாபாரி சரீப், "அப்ப சூடு எங்க காக்கா போகும்?" என்று கேட்டார். "அதுக்கு நான் பொறுப்பு" என்றார் ஜவுபர். அல்லாஹ் நாடினால் என்று அவன் கையில் விடுகிற இன்ஷா அல்லாஹ்வை அவர் சொல்லவில்லை. முடிவெட்டப் போவதற்குக்கூட இன்ஷா அல்லாஹ் சொல்கிற ஊர் இது. பின்னால் வந்த நூற்றுப் பதினொரு பேரும் அதையே கேட்டார்கள், அவரும் அதையே சொன்னார், ஒரு தடவையும் அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை.

முதல் மாதம் வீட்டில் சோறு அடுப்பில்லாமல் வெந்தது. ஜவுபரின் மனைவி ஸைனம்புக்குச் சந்தோசம். பிறகு தலையணை கருகியது, பல்லிகள் குடிபெயர்ந்தன. மீன் ஏலம் முடிந்து மோட்டார்சைக்கிள்கள் பறக்கிற காலை நேரத்தில் சுவரில் கை வைக்க ஏலாது. ஸைனம்பு பக்கத்து வளவில் இருந்த தங்கச்சி நஸ்லாவின் வீட்டுக்குப் போய்ப் படுத்தா. பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஜவுபர் தனியே வெந்தார். பூச்சைச் சுரண்டித் தரச்சொல்லி வீடு வீடாகப் போனார். "பொறுப்பெடுத்தது நீங்கதானே காக்கா, என்ட புள்ளைட கால் இப்பதான் நல்லா இரிக்கி" என்றார் சரீப். மற்றவர்கள் அவ்வளவு மரியாதையாகச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாட்டில் பெற்றோல் முடிந்தது. சைக்கிள்கள் வரிசையில் கிடந்தன, ஜவுபரின் சுவர் குளிர்ந்தது. ஸைனம்பு பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தா. ஊரே சாபம் போட்ட அந்த ஏழு வாரமும் ஒரு வீட்டில் மட்டும் இரண்டு பேர் ஒரே பாயில் படுத்து, போர்வைக்குச் சண்டை பிடித்தார்கள். பிறகு பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்குப் பெற்றோல் கொடுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குச் சைக்கிள்கள் கிளம்பியபோது பாயின் ஓரத்தில் புகை வந்தது.

"வீடு எனக்கு வாப்பா தந்த சீதனம். சூடு உங்கட. ரெண்டும் ஒண்டா இரிக்க ஏலா" என்று சொல்லிவிட்டு ஸைனம்பு அழுதா. ஜவுபர் கடற்கரையில் ஆள் போகாத மீன்வாடிக் கொட்டில் ஒன்றுக்குப் போனார், சூடும் பின்னால் போனது. வீடு அன்றைக்கே ஆறிவிட்டது. வாடியைச் சுற்றி மணல் கண்ணாடியாகக் கட்டிப்பட்டது. நாய்கூட அந்தப் பக்கம் படுக்காது. யாராவது ஸலாம் சொன்னால் தூர நின்றே சொன்னார்கள்.

மாரி பிறந்து ஊரில் ஒரு துணியும் காயாத கிழமையில் ஸைனம்பு வாளியோடு வந்தா. அவரைச் சுற்றிக் கயிறு கட்டி உடுப்புகளை விரித்துவிட்டு, நாலு முழம் தள்ளி இருந்தா. காய்ந்ததும் மடித்துக்கொண்டு போனா. மாரி முழுக்க வந்தா. மாரி முடிந்தது, வெள்ளாமை வெட்டினார்கள், சித்திரை வெயிலில் துணிகள் பிழிகிற கையிலேயே காய்ந்தன. அந்த வெயிலில் ஸைனம்பு கடற்கரைக் கிணற்றடியில் நின்று ஒரு சேலையை நனைத்துக்கொண்டு வந்து கயிற்றில் போட்டா.

"காய நேரம் எடுக்கும்" என்றார் ஜவுபர். மெல்லிய வொயில் சேலை அது.

"ஓம், இரிக்கிறன்" என்றா ஸைனம்பு.