தெரியாத உப்பு

புருஷன் ரத்தத்தில் இப்போது கிருமி தெரியவில்லை என்று ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் ஜெயப்ரியா சொன்னபோது, ஆண்டாளுக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. சந்தோஷத்தில்தான். புருஷன் செல்லப்பனுக்கு எச்ஐவி, அவளுக்கு இல்லை. நாலு வருஷமாகப் பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்த மனுஷன் இனியாவது பக்கத்தில் வருவான், ஒரு பிள்ளை பிறக்கும் என்று அவள் மனசு அதற்குள் தொட்டிலே கட்டிவிட்டது.

"மாத்திரைய விடாம சாப்பிடுற வரைக்கும் உங்ககிட்டேருந்து அவங்களுக்குத் தொத்தாதுங்க. குழந்தையும் பெத்துக்கலாம்," என்றாள் ஜெயப்ரியா.

செல்லப்பன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தான்.

"தெரியலன்னுதானே சொல்லுது அந்தப் பொண்ணு? இல்லன்னு சொல்லலியே."

"ரெண்டும் ஒண்ணுதான்யா."

"யார்கிட்ட சொல்ற? பாத்தியில தண்ணி கட்டுறோமே, அதுல உப்பு கண்ணுக்குத் தெரியுதா? நாலு நாள் வெயில் அடிக்கட்டும், எங்கேருந்து வருது அவ்ளோ உப்பு?"

இருபது வருஷம் உப்பளத்தில் கிடந்தவனிடம் என்னத்தைப் பேசுவது? அவளும் அதே உப்பை வாரியவள்தான். அந்த வாரமே, "நீ நல்லா இருக்கணும் ஆண்டாளு, வேற யாரையாச்சும் கட்டிக்க," என்று சொல்லிவிட்டுப் பெருமுக்கலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே கல் உடைக்கிற வேலையாம். போன் போட்டால் எடுப்பதில்லை. தெரியலையாம், தெரியல! நாசமாய்ப் போன அந்த ஒரு வார்த்தை அவள் குடும்பத்தையே பிரித்துவிட்டது.

அவனுக்குச் சொல்லவேண்டிய பதில் மூன்று மாதம் கழித்துத்தான் அவளுக்குக் கிடைத்தது, அதுவும் உப்பளத்தில். ஒரு வாரமாக வானம் மூடிக்கிடந்தது. பாத்தியில் தண்ணீர் தண்ணீராகவே நின்றது.

"வெயிலே இல்ல, உப்பு எங்க எறங்கும்?" என்று மேஸ்திரி மோகன் அலுத்துக்கொண்டான்.

ஆண்டாள் கையிலிருந்த உப்பு வாரும் பலகையை அப்படியே போட்டுவிட்டுப் பெருமுக்கலுக்குப் பஸ் ஏறினாள். அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தவனிடம் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"யோவ், வெயில் அடிச்சாத்தானே உப்பு எறங்கும்? அந்த வெயில் அடிக்காம பாத்துக்குறதுதான்யா மாத்திரை. நீ தெனம் முழுங்குற வரைக்கும் அந்தக் கிருமி தலையே தூக்காது. கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

அவன் முகம் மலர்ந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது, அவள் கண்ணால் பார்த்தாள். அப்புறம் தலை தொங்கிப் போனது.

"நிறுத்திட்டேன் ஆண்டாளு. உன்ன வுட்டு வந்த அன்னிக்கே. யாருக்காக முழுங்குறது?"

"அடப்பாவி மனுஷா! உசுரு உன்னுதுய்யா!"

அவன் மார்பில் மாறி மாறி அடித்தாள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், மறுபடி ஆரம்பிக்கலாம் என்று அழுதுகொண்டே அடித்தாள். எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு நின்றான் செல்லப்பன். கல் பட்டுக் கிழிந்திருந்த இரண்டு கைகளையும் மட்டும், அவள் மேல் பட்டுவிடாமல், முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான்.