இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

என் நூலக அட்டையை நிறுத்திவைத்த பதினெட்டாம் நாள், அந்த எழுத்தாளர் எங்கள் நூலகத்துக்கே பேச வந்தார். கூட்டம் கேட்க அட்டை தேவையில்லை, அதனால் போனேன். நல்ல பிள்ளையாகக் கேட்டுவிட்டு வரும் எண்ணம் எனக்கு இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிழிசல் பார்ப்பது என் வேலை. துவைத்து வரும் விரிப்புகளை வெளிச்சத்தில் பிடித்து, தைக்கத் தேறுவதை ஒரு பக்கமும் கந்தலை ஒரு பக்கமும் போட வேண்டும். பதினாறு வருஷம். எது தானாக நைந்து போனது, எதை ஆள் இழுத்துக் கிழித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிடுவேன்.

புத்தகம் எடுப்பதில் எனக்கொரு வழக்கம் உண்டு. அலமாரிப் பக்கமே போக மாட்டேன். அன்றன்று திரும்பி வந்ததைப் போட்டுவைக்கும் தள்ளுவண்டியிலிருந்துதான் எடுப்பேன். யாரோ இப்போதுதான் படித்து முடித்திருக்கிறார்கள், இன்னும் சூடு ஆறியிருக்காது என்று ஒரு நம்பிக்கை. அந்த வண்டிதான் எனக்கு ஐந்தாறு எழுத்தாளர்களைச் சொந்தக்காரர்கள் ஆக்கியது. மாதம் ஒரு சனிக்கிழமை மாடியில் நடக்கும் எழுத்தாளர் சந்திப்பையும் விட மாட்டேன். எழுதினவர் எச்சில் விழுங்கித் தன் எழுத்தைத் தானே படிப்பதைக் கேட்டால் எனக்கு ஒரு வாரத்துக்கு உற்சாகம் தாங்கும். "பாயும் தலைகாணியும் கொண்டு போயிடு, அங்கயே படுத்துக்க" என்பார் என் வீட்டுக்காரர்.

அன்று பேச வந்த இந்த அம்மாளையும் வண்டியில்தான் கண்டுபிடித்தேன். அக்கா தங்கை கதை. பதினோரு வருஷம் கழித்துத் தங்கை வந்து கதவைத் தட்டுகிறாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் முடியும்போது அக்கா தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அடுத்தது பின்னட்டை. கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள். புத்தகம் அச்சில் இல்லை, நூலகத்தில் இருப்பதும் அது ஒன்றுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நானே போய்ச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

"தம்பி, இதுல கடைசித் தாளைக் காணோம்."

அதுவரை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட நூலகர், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "கடைசியா உங்க கையிலதானே இருந்துச்சு?"

"வண்டியில எடுக்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கு."

"இதுக்கு முன்னாடி எடுத்தவரு அப்படிப்பட்டவர் இல்லம்மா."

அக்கா அம்மாவாகிவிட்டாள். என் சலவைக்கூட உடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார். தாள் வந்து சேரும்வரை அட்டை கிடையாதாம். பதினெட்டு நாள், சோப்பு டப்பாவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கூட்டத்துக்குப் போனேன். கேள்வி நேரத்தில் எழுந்து, கதவைத் திறந்தாளா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டைதான் போயிற்று, முடிவாவது மிஞ்சட்டும்.

முதலில் வாசகர் சங்கச் செயலாளர் எழுந்தார். மூன்றாம் வரிசைக்காரர்கள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'முன்னுரை'. எழுத்தாளருக்கு இருபது நிமிஷம் என்றால் இவருக்கு நாற்பது. அன்றும் தன் பிள்ளைப் பருவத்தில் ஆரம்பித்துச் சுற்றி வளைத்து நாவலுக்கு வந்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டார்.

"இந்த நாவலின் கடைசிப் பக்கத்தை நான் எப்போதும் நெஞ்சோடு வைத்திருக்கிறேன்" என்று நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தார்.

தாளின் ஓரத்தில் பல் பல்லாகக் கிழிசல். அதை ஒட்டிப் பழுப்பாக, டம்ளர் வைத்த பாதி வட்டம். மூன்றாம் வரிசையிலிருந்தே தெரிந்தது.

பின்னால் மேசையில் எழுத்தாளருடைய புத்தகங்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அந்த நூலகப் பிரதியும் அங்கேதான் இருந்தது. எடுத்து இருநூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன். மறுபாதி வட்டம் இருந்தது. நேரே மேடைக்குப் போனேன்.

"ஐயா, அதை இப்படிக் குடுங்க."

கையெழுத்து வாங்கித் தரப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே கொடுத்தார். தாளைப் புத்தகத்தில் வைத்தேன். கிழிசலோடு கிழிசல் பொருந்தியது. வட்டம் முழுசானது.

"கிழிச்சது நீங்களா?"

முகத்தில் வெட்கம் ஒரு துளி இல்லை. "ஒரு பலவீனம்தான்மா. திருப்பிக் குடுக்க மனசு வரல."

எழுத்தாளர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். "ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய விருது வேணுமா?"

கூட்டம் கை தட்டியது. நூலகரும் தட்டினார். எழுத்தாளர் பேனாவை எடுத்து, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தரக் கை நீட்டினார். நான் புத்தகத்தை மூடி மார்போடு பிடித்துக்கொண்டேன்.

"கை தட்டாதீங்க!" எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "பதினெட்டு நாளா என்னைத் திருடின்னு அட்டையைப் பிடுங்கி வெச்சிருக்காங்க. நான் கிழிச்சா குத்தம், இவரு கிழிச்சா ரசனையா? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?"

யாரோ சிரித்தார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"தம்பி, என் அட்டை."

"நாளைக்கு வாங்கக்கா, பாத்துக்கலாம்." அக்கா திரும்பி வந்துவிட்டாள்.

"இப்ப வேணும்."

நூலகர் கீழே இறங்கிப் போய் எடுத்து வரும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். முன்னுரை தண்ணீர் குடித்தார், மறுபடியும் குடித்தார்.

அட்டையை வாங்கிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுத்தாளர் ஏதோ பேச ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை, கடைசித் தாளைப் படித்தேன். அக்கா கதவைத் திறக்கிறாள். தங்கை மன்னிப்புக் கேட்கிறாள். அக்கா வழி விடாமல் நின்று சொல்கிறாள்: மன்னிப்பு அப்புறம், முதலில் நீ செய்ததை உன் வாயால் சொல். தங்கை சொல்ல வாயெடுக்கிறாள். நாவல் முடிகிறது. படுபாவி, என்னமாய் எழுதியிருக்கிறாள்! இப்படி எழுதினவளா அந்தத் திருட்டை விருது என்றாள் என்று கோபம் இன்னும் ஏறியது.

கூட்டம் கலைந்ததும் எழுத்தாளர் என் பக்கம் வந்தார். கிட்டத்தில் பார்த்தால் என் வயதுதான் இருக்கும்.

"மன்னிச்சுக்கங்கம்மா."

"மன்னிப்பு அப்புறம். முதல்ல நீங்க செஞ்சதை உங்க வாயால சொல்லுங்க."

தன் வரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் கறுத்தது. நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"ஒரு திருட்டுக்குக் கை தட்ட வெச்சேன்" என்றார். பிறகு மெதுவாக, "அது யார் தலையில விழுந்துச்சுன்னு கேக்கவும் இல்ல."

"எனக்குக் கோபம் போகல. ஆனா நீங்க அடுத்து எழுதினா படிப்பேன்."

தலையாட்டினார். கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்கவில்லை, அந்த மட்டுக்கு நல்லது.

கீழே வந்து பசை வாங்கி, தாளை நானே ஒட்டினேன். தள்ளுவண்டியில் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் கிடந்தன. பெயரே கேள்விப்படாத ஒருவருடையதை எடுத்தேன். எடுத்ததும் நூலகரின் கண்ணெதிரே பின்பக்கம் திருப்பி, கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன்.