பூசணிக் குவளை

எங்கள் கேளிக்கைப் பூங்காவின் இலையுதிர்கால விழாவில், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் கோப்பையில் மட்டுமே மது ஊற்றலாம். ஏன் என்று புதிதாகச் சேருபவர்களுக்கு விளக்குவது என் வேலை. எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. முன்பெல்லாம் குடிப்பவர்களை ஒரு வேலிக்குள் இருத்தினோம். வாசலில் அடையாள அட்டை பார்த்தோம். இந்த வருடம் கோப்பையுடன் பூங்கா முழுவதும் நடக்கலாம் என்றார்கள். அப்படியென்றால் வேலி செய்த வேலையை இனி எது செய்யும்? கோப்பைதான். வயது பார்த்து மணிக்கட்டில் கட்டிவிடும் செம்மஞ்சள் பட்டி இல்லாதவர் கையில் அந்தக் கோப்பை இருந்தால் காவலாளிக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். பிள்ளைகளின் சூடான ஆப்பிள் சாறு பூசணி வடிவக் குவளையில் போகும். ரம் கலந்த சாறு உள்ளே தெரிகிற கோப்பையில் போகும். இரண்டும் ஒரே நிறம், ஒரே கறுவா வாசம். பாத்திரம் ஒன்றுதான் வித்தியாசம்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நவரட்ணம் அங்கிள் நான் ரம் சாறு ஊற்றும் கடைக்கு வந்தார். நாங்கள் குடியிருக்கும் மில்லிக்கன் பகுதியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அப்பா இறந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்.

“மிதுனன், உந்த ரம் போட்டதிலை ஒண்டு. ஆனா உந்தக் கோப்பையிலை வேண்டாம் ராசா. பூசணியிலை விடும்.”

“அது சின்னப்பிள்ளையளின்ரை, அங்கிள்.”

“மகள் மயூரியின்ரை மாமி வந்து நிக்கிறா. சம்பந்திக்கு முன்னாலை கோப்பையும் கையுமா நிக்கேலுமே? உம்மடை அப்பா இருந்தா நான் கேக்க முதலே விட்டிருப்பார்.”

கலியாண மண்டபங்களின் வெளியே, கார் டிக்கிக்குப் பின்னால், பெரியவர்கள் கோப்பிக் கப்பில் விஸ்கி குடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒளித்துக் குடிப்பதும் ஒரு மரியாதை என்றுதான் பழகியிருந்தேன். பக்கத்துக் கடையில் ஆப்பிள் சாறு ஊற்றும் ஸ்டெபனியின் அடுக்கிலிருந்து ஒரு குவளையை எடுத்து, ரம் சாற்றை ஊற்றிக் கொடுத்தேன். அவள் பார்க்கவில்லை.

இருபது நிமிடத்தில் அங்கிளின் மகள் மயூரி, தன் ஆறு வயது மகள் செரீனாவை இழுத்துக்கொண்டு ஸ்டெபனியிடம் வந்தாள். பின்னால் மாமியாரும் அங்கிளும்.

“இதை மணந்து பாரும்! பிள்ளைக்கு ரம் குடுத்திருக்கிறீர்!”

எனக்கு உடனே விளங்கியது: அங்கிள் உட்காரும் வாங்கில் வைத்த குவளையைச் செரீனா தன்னுடையது என்று எடுத்துக் குடித்திருக்கிறாள். இரண்டு மிடறுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் முதலுதவித் தாதி. ஆனால் மேற்பார்வையாளர் கிளடிஸ் அக்கா வந்துவிட்டார். ஸ்டெபனியின் பழைய சாற்றுப் பானை அதற்குள் கழுவப் போயிருந்தது; மணந்து பார்க்க வழியில்லை.

“மிதுனன், உது எப்பிடி நடந்திருக்கும்?”

அக்கா கேட்டதும் என் வாய் விளக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு பானைகளும் ஒரே அளவு, ஒரே சமையலறையில் நிரப்பப்படுகின்றன, மூடியில் மட்டும்தான் பெயர் ஒட்டியிருக்கும், கூட்ட நேரத்தில் மூடி மாறினால் பானையே மாறிவிடும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்படி நடக்கக்கூடியதுதான். அன்று நடக்கவில்லை, அவ்வளவே.

“ஐ ஸ்வெயர், அக்கா. என்ரை பானையிலை ஜூஸ் மட்டும்தான்.”

“ஏப்ரனைக் கழட்டும், பிள்ளை. நாளைக்கு வர வேண்டாம்.”

ஸ்டெபனி ஏப்ரனின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தாள். முதுகுப்பக்க முடிச்சு அவிழவில்லை. அங்கிள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அந்தச் சப்பாத்தையே பார்த்தேன்.

“அவ இல்லை, அக்கா,” என்றேன். “நான்தான் பூசணியிலை ரம் விட்டனான். அங்கிள் கேட்டவர்.”

கடைசி இரண்டு சொற்களை விட்டிருக்கலாம். அந்த நேரத்திலும் பாதியை இன்னொருவர் தலையில் வைத்தேன்.

“நான் கேட்டா?” அங்கிள் நிமிர்ந்தார். “நான் கேட்டா நீர் குடுக்கிறதே? ஏன் அந்தக் கோப்பை எண்டு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்தானே?”

மயூரியின் மாமியார் செரீனாவைத் தூக்கிக்கொண்டார். “அண்ணை, நீங்கள் குடிக்கிறது எனக்குக் கலியாண வீட்டிலையே தெரியும். எனக்கு ஒளிக்கப் போய்ப் பேத்திக்குப் பருக்கிப் போட்டியள்.”

கிளடிஸ் அக்கா என்னைத் திட்டவில்லை. என் சட்டையில் குத்தியிருந்த, மது பரிமாறுவதற்கான அட்டையைத் தானே கழற்றினார். நான் ஸ்டெபனியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்கள்தானே அண்ணா உந்தக் கோப்பையைப் பற்றி எங்களுக்கு வகுப்பு எடுத்தனீங்கள்,” என்றாள். நான் கையை முதுகுப்பக்கம் கொண்டுபோனேன்.

என் ஏப்ரனின் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.