கழித்தபின் எஞ்சாதவர்

மேல்பட்டாம்பாக்கத்துக் கோயிலில் பெயர் கொடுக்கும் நேரம் முடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. சிதம்பரத்தின் மேல் பங்குனி வெயில் வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு கோபுரங்களும் தத்தம் நிழலைக் காலடிக்கு இழுத்துக்கொண்டு நிற்க, தேர் ஓடும் அகன்ற தெருக்களில் மிதிவண்டிகளும் மூன்றுசக்கரத் தானிகளும் ஒன்றையொன்று உரசாமல் உரசிச் செல்ல, பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர்களைக் கூவி அழைப்போரின் குரல்கள் புழுதியோடு எழுந்து புழுதியோடு அடங்கின. அங்கிருந்து கிழக்கே, பல்கலைக்கழகத்து மரநிழலில், விடுதி வாயிலை நோக்கியபடி பிரிசில்லா நின்றிருந்தாள். இயற்பியலில் முதுநிலை பயில்பவள். பேசுவதற்கு முன் இருமுறை எண்ணி, பின் பேசாமலே இருந்துவிடும் இயல்பினள். அவளை அழைத்துச் செல்லத் தாய் ஜான்சி வந்துகொண்டிருந்தாள்.

படிப்போரே, பிரிசில்லாவின் ஊரான மேல்பட்டாம்பாக்கத்துக் கிறித்தவச் சபையின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லுதல் தகும். திருவிருந்தில் அப்பமும் இரசமும் பெற விரும்புவோர், முந்திய நாள் மாலை ஆறு மணிக்குள் கோயிலுக்குச் சென்று, சபை ஊழியரான உபதேசியார் முன் நின்று, தம் பெயரைத் தம் வாயால் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்வது நம்புகிறேன் என்று சொல்வதற்கு ஒப்பாகும். நான்கு திங்களாக பிரிசில்லா பெயர் கொடுக்கவில்லை. நாளையோ உயிர்த்தெழுந்த பெருநாள். அன்றும் அவள் இருக்கையை விட்டு எழாதிருந்தால் கோயில் முழுதும் திரும்பிப் பார்க்கும். மணமாகாத பெண்ணொருத்தி திருவிருந்துக்கு விலகி நின்றால் அவ்வூர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பையன் யார்? அயல் சமயத்தானை மணக்க எண்ணுவோரே அவ்வாறு முன்னதாக விலகுவர் என்பது அங்கே ஐயத்துக்கு இடமில்லாத முடிபு. தாயும் அம்முடிபுக்கே வந்திருந்தாள்.

உண்மை வேறு. கதிர்வீச்சை அளக்கும் கருவியைக் கையாளக் கற்றபோது, பொருள் எதுவும் வைக்காத வெறுமையிலும் அது ஓயாமல் துடிப்பதை பிரிசில்லா கண்டாள். மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் எப்போதும் வந்துகொண்டிருக்கும் அந்தப் பின்னணித் துடிப்பை முதலில் எண்ணி, பின்னர் பொருளை வைத்து எண்ணி, இதிலிருந்து அதைக் கழித்தால் எஞ்சுவதே பொருளுக்கு உரியது. நேர்மையான முறை அது. அந்த நேர்மையை விரும்பியே அவள் இயற்பியலுக்கு வந்தவள். ஆகவே, குழந்தைப் பருவம் முதல் தந்தையிடம் பேசுவதுபோல் இறைவனிடம் பேசி வந்தவள், ஒரு திங்கள் விடியல்தோறும் வேண்டிப் பார்த்தாள்; அடுத்த திங்கள் வாய்மூடி இருந்து பார்த்தாள். நோய்கள் அவ்வாறே வந்து அவ்வாறே தீர்ந்தன. மழை வந்தவாறே வந்தது. நெஞ்சின் அமைதிகூட இரு திங்களிலும் ஒன்றாகவே இருந்தது. கழித்தாள். எதுவும் எஞ்சவில்லை. மீண்டும் முழந்தாளிட்டபோது, மகள் இருந்த இடத்தில் அளப்பவள் ஒருத்தி அமர்ந்து செவியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் முன் ஒரு சொல்லும் எழவில்லை.

இதை அறிந்தவன் ஒருவனே. மெய்யியல் பயிலும் தில்லைநாதன், புவனகிரிப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை, வாய் ஓயாதவன்.

"இந்தச் சிதம்பரம் கோயில்ல தெரைய வெலக்கி வெறும் வெளியத்தான் காட்டுறாங்க. அதப் பாக்கவே கூட்டம் முட்டிக்குது. ஒங்க ஆளு பதில் பேசலன்னு நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிற," என்று முதலில் எள்ளினான். பின்னர் சற்றே எண்ணிப் பார்த்துச் சொன்னான்: "எல்லா எடத்துலயும் எந்நேரமும் இருக்கிற ஒண்ண நீ எப்படிக் கழிச்சுக் கண்டுபுடிப்ப? வச்சாலும் இருக்கும், வைக்காட்டியும் இருக்கும். நீ தூக்கிப் போட்ட பின்னணிதான் அவரா இருந்தா?"

அக்கருத்தில் பிழையொன்றும் பிரிசில்லாவுக்குத் தென்படவில்லை. வானம் முழுதும் பரவிய நீரை எண்ணி நாவறண்டவன் ஆறுதல் அடைய முயல்வதுபோல, அதை அவள் பல நாள் எண்ணிப் பார்த்தாள். இறுதியில், "ஒனக்கு வெளி போதும் தில்லை. நான் பேசிப் பழகிட்டேன்," என்றாள்.

இப்போது ஜான்சி வந்து சேர்ந்தாள். கையில் பிட்டுப் பொதி. கண்ணில் துப்பறிவோரின் கூர்மை. பையைத் தூக்கிக் கொடுக்க வந்த தில்லைநாதனை அவள் உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை அளந்து, தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்று எதிரே உட்கார வைத்தாள்.

"தம்பிக்கு வூட்ல என்ன பயிரு?"

"நெல்லு, உளுந்துங்கம்மா. தண்ணி வந்தா நெல்லு, வராட்டி எங்கப்பா வாயில வசவு."

"ஒங்கம்மாவுக்கு எங்க பிரிசியத் தெரியுமா?"

"தெரியாதுங்களே. ஏன், தெரியணுமா?"

"ஜாஸ்தி பேசறியேப்பா. கல்யாணம் காச்சின்னு ஏதாச்சும்..."

"ஆங், இருக்குதும்மா. வைகாசியில. பொண்ணு எங்க அத்த மவ அமராவதி. நாள் குறிச்சு, மண்டபத்துக்கும் சொல்லியாச்சு. நீங்க அவசியம் வரணும். பிரிசில்லாவ மொய் எழுதற எடத்துல ஒக்கார வைக்கலாம்னு இருக்கேன், கணக்குல புலி."

ஜான்சியின் முகத்தில் நிறைவு விளக்கேற்றினாற்போல் பரவிற்று. இரண்டாவது தேநீரும் வாங்கிக் கொடுத்தாள். ஆனால் கடலூர்ப் பேருந்தில் அமர்ந்து, ஊர் பின்னே சென்றதும், அந்த ஒளி மெல்ல மங்கியது. இவன் இல்லையென்றால் வேறு யார்? அறிந்த அச்சத்தினும் அறியாத அச்சம் பெரிதன்றோ. செம்மங்குப்பத்தில் ஆலைகளின் நெடி உள்ளே புக, அனைவரும் பலகணிகளை இழுத்து மூடினர். அந்தப் புழுக்கத்தில் தாயும் மகளும் தோளோடு தோள் ஒட்டியிருந்தும், இரு கரைகள்போல் அமர்ந்திருந்தனர். மகள் எண்ணியது இதுவே: பெயரைச் சொல்லிவிட்டால் அம்மா நாளை தலைநிமிர்ந்து அமர்வாள், ஒரு பெயர்தான். ஆனால் எவரிடம் ஒருகாலும் பொய் பேசாதிருந்தாளோ அவர் முன்னிலையிலேயே முதற்பொய்யைச் சொல்ல வேண்டும். அவர் இல்லையெனில் பொய்யால் என்ன கேடு என்று அறிவு கேட்டது. அந்த இல்லாதவருக்கோ, இருப்பவருக்கு அஞ்சுவதினும் மிகையாக நெஞ்சு அஞ்சியது.

கடலூர்ப் பேருந்து நிலையத்தில் நெல்லிக்குப்பம் வழியே பண்ணுருட்டி செல்லும் வண்டிக்காகக் கல்லிருக்கையில் அமர்ந்தனர். ஜான்சி பிட்டைப் பிரித்து மகள் கையில் வைத்தாள். மகள் உண்ணவில்லை.

"அந்தப் புள்ள இல்லன்னு ஆயிடுச்சு," என்றாள் தாய், முன்னே பார்த்தபடி. "அப்ப வேற யாரு? சொல்லிடு. ஒங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். அவரு ரெண்டு நாளு சோறு திங்க மாட்டாரு, மூணாம் நாளு திம்பாரு. எந்தச் சாதியா, மதமா இருந்தா என்ன, நீ இப்படி எளைச்சுப் போறத என்னால பாக்க முடியல."

"அம்மா..."

"ஒரு பொண்ணு எதுக்கு எளைப்பான்னு எனக்குத் தெரியாதா? தூக்கம் இல்ல, தீனி இல்ல, எங்கயோ பாக்கற. யாரையோ நெனச்சிக்கிட்டுத்தான்டி இருக்கிற."

வண்டி வந்து நின்றது. ஊர்க்காரர்கள் சிலர் ஏறினர். ஒருத்தி இடம் போட்டு வைப்பதாகக் கைகாட்டினாள். ஜான்சி எழவில்லை. மகளின் மணிக்கட்டைப் பற்றியிருந்த விரல்களும் தளரவில்லை. வண்டி முழங்கிப் புறப்பட்டு, வளைவில் மறைந்தது. அடுத்தது வந்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் ஆறு மணி கடந்துவிடும் என்பதை இருவரும் அறிவர். கற்றோர் நூறு நூல்களில் வழக்காடி முடியாத ஒன்றை, அடுத்த வண்டி வருவதற்குள் ஒரு தாய்க்கு விளங்கச் சொல்ல வேண்டியிருந்தது. வாதங்கள் யாவும் மகளை விட்டு விலகின. தாய் சொன்னதில் பிழையில்லை என்பது மட்டும் எஞ்சியது.

"ஆமாம்மா, நெனச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் பிரிசில்லா. "ஏசப்பாவத்தான். அவரு இருக்காருன்னு எனக்கு இப்ப நம்பிக்கை இல்லம்மா."