தூக்கி நின்ற கைகள்

அந்த இடுப்பை நான் தொடவே இல்லையே. தொட்டிருந்தால் நைலக்ஸா பருத்தியா என்று என் கை சொல்லியிருக்கும்.

மேனேஜர் அறையில் நின்ற வள்ளித்தாய் இப்படி நினைத்தபடி உள்ளங்கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பட்டாசு ஆலையின் கேட்டில் பெண்களைத் தடவிச் சோதித்து உள்ளே விடுவது அவளுக்கும் ஜெயசீலிக்கும் வேலை. தீப்பெட்டி, செல்போன், ஊக்கு, கொலுசு எதுவும் போகக் கூடாது. பருத்திச் சேலைதான் கட்டியிருக்க வேண்டும்; நைலக்ஸ் உரசினால் பொறி பறக்கும். ஒருத்தி வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பது அவள் மாமியாருக்கு முன்பே வள்ளித்தாயின் கைக்குத் தெரிந்துவிடும்.

சீசன் உச்சத்தில் அன்று ஆட்களை ஏற்றிவரும் வேன்கள் தாமதமாக வந்தன. லோடு நிற்கிறது, சோதனை வேண்டாம், அப்படியே விடுங்கள் என்று மேனேஜர் சங்கரபாண்டியனே கேட்டுக்கு வந்து சத்தம் போட்டார். ஜெயசீலி மறிக்கப் பார்த்தாள். வள்ளித்தாய்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சீசனில் இப்படி விடுவது புதிதில்லை. வெடிமருந்து அறையில் வேலை செய்யும் மாரிசெல்வி மட்டும் பழக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன யக்கா, இன்னைக்குக் கட்டிப்பிடிக்க மாட்டீகளா?"

வள்ளித்தாய் சிரித்துக்கொண்டே, போடி என்று அனுப்பிவிட்டாள்.

மருந்து அறைகளில் ஒன்று வெடித்தபோது மாரிசெல்வி உள்ளே இருந்தாள். எப்படித் தீப்பிடித்தது என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

நாளைக்கு விசாரணைக்கு அதிகாரி வருகிறார். மேனேஜர் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். மாரிசெல்வி நைலக்ஸ் சேலையில் வந்தாள். ஜெயசீலி சோதித்துப் பார்த்து, தெரிந்தே உள்ளே விட்டாள். வள்ளித்தாய் அதைப் பார்த்தாள். இவ்வளவு சொன்னால் போதும். இனிமேல் கேட்டுக்கு அவள்தான் பெரியவள். இன்னொரு மருந்து அறையில் இருக்கிற மகள் இசைவாணியையும் லேபிள் ஒட்டும் வேலைக்கு மாற்றிவிடலாம்.

ஜெயசீலி மேல் மேனேஜருக்கு ஏன் கண் என்பது தெரிந்ததுதான். சுற்றுவட்டார ஆலைகளின் கேட்டில் சோதிக்கிற பெண்களையெல்லாம் சேர்த்துச் சங்கம் வைக்க அலைந்துகொண்டிருந்தாள். சோதனை முடியாமல் ஆளை விடச் சொல்ல முதலாளிக்கே அதிகாரம் கூடாது என்பது அவளுடைய முதல் கோரிக்கை. வள்ளித்தாய் பயந்து ஒதுங்கிக்கொண்டாள். இப்போதும் அதே பயம்தான். தான் வாய் திறக்காவிட்டாலும் ஜெயசீலியை வீட்டுக்கு அனுப்ப இவர்களுக்கு வழி கிடைக்கும். போன மாரிசெல்வி திரும்பப்போவதில்லை. இசைவாணி நாளைக்கும் அந்த மருந்துக்கு முன்னால்தான் உட்காருவாள். தன்னால் ஆகக்கூடியது எதுவுமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டு" என்றார் சங்கரபாண்டியன்.

சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். தூக்கிய கைகளோடு மாரிசெல்வி அவள் கண்ணுக்குள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நாங்க யாரையும் தொடலய்யா."

"அது எனக்குத் தெரியாதா வள்ளி? நான் சொல்லச் சொன்னதச் சொல்லு."

வள்ளித்தாய் முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள்.

"அது மட்டும் எனக்கு வராதுய்யா" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.